காரும் கழுநீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

சிலம்பின் சிறப்பும் கம்பனின் கவித்திறமும் பேசப்பெறும் இம்மேடையில், கார் கழுவுவதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். 'இதற்கும் ஒரு சொற்பொழிவா?' எனச் சிலர் புன்னகை புரியக்கூடும். ஆயினும், வள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். தண்ணீரைப் பற்றிய பேச்சு எதுவாயினும் அது தமிழர் மேடைக்குப் புறம்பானதன்று. கார் கழுவுதல் என்பது பாதி காரைப் பற்றியது. மீதிப் பாதி தண்ணீரைப் பற்றியது. ஆகவே அவையோர் சிறிது பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டுகின்றோம்.

முன்னாளில் உத்தியோகம் கருதித் தில்லிக்கு வந்த நம்மவர் பலருக்குச் சைக்கிளே பெருஞ்செல்வமாக இருந்தது. கரோல்பாக்கிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் செயலகத்திற்குச் சைக்கிள் மிதித்துச் சென்ற தலைமுறை அது. நடுத்தரக் குடும்பத்தின் வாயிலில் கார் நிற்கத் தொடங்கியதற்கு ஒரு நாளைக் குறிப்பிட வேண்டுமாயின், 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாளைக் குறிப்பிடலாம். அன்றுதான் முதல் மாருதி 800 வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார், தில்லிவாசியான ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அவர் 2010இல் மறைந்த பின்னர், அவ்வண்டி கிரீன் பார்க்கிலிருந்த அவருடைய இல்லத்தின் வெளியே வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிப் போயிற்று. பிறகு அதனைச் செய்த நிறுவனத்தாரே செப்பனிட்டுத் தம் தலைமையகத்தில் வைத்துக் கொண்டனர். வரலாற்றுப் பெருமை வாய்ந்த வண்டிக்கே அந்நிலையாயின், நம் வண்டிகளின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? தில்லியில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குப் பராமரிப்பு இன்றியமையாதது. ஆனால் பராமரிப்பு என்ற பெயரால் நாம் செய்வன சில, வண்டிக்கும் ஊருக்கும் கேடாக முடிகின்றன. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில், நாம் எதனைக் கழுவுகின்றோம் என்பதை அறிதல் வேண்டும். சென்னையின் புழுதி வேறு; தில்லியின் புழுதி வேறு. மே, ஜூன் திங்கள்களில் மேற்கேயிருந்து 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் எழுந்து, ராஜஸ்தானத்து மணலை நம் வாயிலிற் கொண்டுவந்து கொட்டுகின்றது. கட்டட வேலைகளின் சிமெண்டுத் தூள் ஆண்டு முழுவதும் பறக்கின்றது. குளிர் காலத்தில் புகையும் கரியும் பனியோடு கலந்து வண்டியின்மேற் பசைபோல் ஒட்டிக் கொள்கின்றன. இவற்றோடு புறாக்களின் எச்சமும், ஜூன் ஜூலையில் சாலையோர நாவல் மரங்கள் உதிர்க்கும் கனிகளின் கறையும் சேருமாயின், தில்லிக் காரின் மேனி ஒரு நிலநூற் கண்காட்சியே ஆகிவிடுகின்றது.

இப்புழுதியில் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிக மணலாகும். தாதுப் பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸின் கடினம் 7. கண்ணாடியின் கடினமோ ஏறக்குறைய ஐந்தரைதான். கண்ணாடியையே கீறவல்ல பொருள் வர்ணப்பூச்சை விட்டுவைக்குமா? இக்காலக் கார்களில் அடிப்பூச்சு, வர்ணம், அதன்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற மேற்பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனந்தான். அவற்றுள் பளபளப்பைத் தரும் மேற்பூச்சோ 50 மைக்ரானுக்கு உட்பட்டதே. அஃதாவது நம் தலைமயிரின் கனத்தினும் குறைவு. உலர்ந்த புழுதியின்மேல் ஒரு துணியை வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்த்தால், அது துடைத்தலன்று; உப்புத்தாள் கொண்டு இழைத்தலேயாகும். வெயிலிற் பார்த்தால் கருநிற வண்டிகளின்மேல் சிலந்தி வலை போன்ற நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன அல்லவா? அவற்றுள் பெரும்பாலானவை சாலையிற் பட்டவை அல்ல. நம் கையாற் பட்டவை.

எனவே, கார் கழுவும் எந்தக் கருவியையும் வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒன்று: இக்கருவி மணலைத் தேய்க்குமா, அன்றி நீக்குமா? இரண்டு: இதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்? மூன்று: நாம் குடியிருக்கும் இடத்தில் இதனைப் பயன்படுத்த முடியுமா? கடைக்காரர் இம்மூன்று வினாக்களையும் நமக்காக எழுப்பமாட்டார். நாமேதான் எழுப்பிக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வினாவை முதலில் எடுத்துக் கொள்வோம். ஏனெனில் தில்லியில் அதுவே தலையாயது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரம் தண்ணீர்ப் பஞ்சத்தால் வாடியது. மே 29ஆம் நாள், குழாய் வைத்துக் கார் கழுவுவோர்க்கும், மேல்தொட்டி வழிந்தோட விடுவோர்க்கும் 2,000 ரூபாய் தண்டம் விதிக்கவும், கண்காணிக்க 200 குழுக்களை அனுப்பவும் தில்லி அரசு தில்லி ஜல் போர்டுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவது தடைசெய்யப்பெற்று, மீறியோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பெற்றது. நம் தாயகத்தின் கதையும் அறிந்ததே. 2019 ஜூலை 12ஆம் நாள், ஜோலார்ப்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வண்டி சென்னை வந்து சேர்ந்தது. தண்ணீர் ரயிலேறி வரும் காலத்தில் வாழ்கின்றோம் என்பதை மறத்தலாகாது. 2024 கோடையில், அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியிலேயே, விவேகானந்தா முகாம் என்னும் குடிசைப் பகுதி மக்கள் தண்ணீர் லாரியைக் கண்டதும் குழாய்களோடும் குடங்களோடும் ஓடிய காட்சியைச் செய்தித்தாள்களிற் கண்டோம். அக்காட்சியை மனத்திற் கொண்டு நம் கார்க் குழாயைத் திறப்போமாக.

கணக்கும் பார்ப்போம். 15 லிட்டர் வாளியொன்றைத் தோட்டக் குழாயின்கீழ் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்திற் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், பத்து நிமிடக் கழுவலுக்கு 150 லிட்டர் செலவு என்பது பெறப்படும். நகர மக்களுக்கு ஆள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளும் அளவு. அஃதாவது, குழாயாற் கழுவும் கார் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரின் முழுநாள் தண்ணீரைப் பருகிவிடுகின்றது! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளக்க உதவும் கருவி வாளியே ஆகும், குழாய் அளவறியாதது.

ஆகலின், நாம் பரிந்துரைக்கும் முதற்கருவி வாளி. ஒன்றன்று, இரண்டு. ஒரு வாளியில் ஷாம்பூ கலந்த நீர்; மற்றொன்றில் வெறும் நீர். கையுறையைச் சவர்க்கார நீரில் தோய்த்து வண்டியின் ஒரு பகுதியைக் கழுவிய பின், அதனை வெறும் நீரில் அலசிப் பிழிந்து, அதன் பின்னரே மீண்டும் சவர்க்கார நீரில் இடுதல் வேண்டும். இவ்வாறு செய்யின், வண்டியிலிருந்து எடுத்த மணல் இரண்டாம் வாளியின் அடியில் தங்கிவிடுமேயன்றி, மீண்டும் வண்டியின்மேல் ஏறாது. ஒரே வாளியில் எல்லாவற்றையும் செய்வோமாயின், நீர் கலங்கக் கலங்க, நாம் சேற்றைக் கொண்டு காருக்கு எண்ணெய்க் குளியல் செய்வித்தவர் ஆவோம். வாளியின் அடியில் வைப்பதற்கென்று துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகள் விற்கின்றனர். மணல் அதன்கீழ் படிந்து, கை படும்போது கலங்கி எழாமல் இருக்கும். வாங்கினால் நன்று, வாங்காவிடினும் பெருங்குறையில்லை, கையுறையை அடி வரை அமிழ்த்தாமல் இருந்தாற் போதும். வாளிக்கு மூடியும் கைப்பிடியும் உறுதியாக இருத்தல் வேண்டும். ஏனெனில் நம்முள் பலர் அதனை மாடியிலிருந்து தூக்கி வர வேண்டியவர்கள்.

இங்கு மூன்றாம் வினா எழுகின்றது. நம் மக்களில் பெரும்பாலோர் வளர்ச்சி ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகளிலும், மயூர் விஹார், துவாரகா முதலிய இடங்களின் கூட்டுறவுக் குடியிருப்புகளிலும், அரசு குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். வீடு மூன்றாம் மாடியில். கார் தெருவில், வேப்ப மரத்தடியில். அருகில் குழாயும் இல்லை. மின்சார இணைப்பும் இல்லை. தனி வீடும் தோட்டமும் உடையார்க்கென்று எழுதப்பெற்ற அறிவுரைகளைப் படித்து, அதன்படிக் கருவிகளை வாங்கிவிட்டுப் பின்னர் அவற்றைப் பரணில் ஏற்றுவோர் பலர். எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பதினும், எந்தக் கருவி நம் படிக்கட்டில் இறங்கும் என்று கேட்பதே அறிவுடைமை.

இவ்விடத்தில் பிரஷர் வாஷர் என்னும் அழுத்த நீர்ப்பொறியைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். இளைஞர்கள் அதனையே பெரிதும் விரும்புகின்றனர். ஜெர்மனி நாட்டில் ஆல்பிரட் கார்ஷர் 1935இல் தொடங்கிய நிறுவனம், 1950இல் வெந்நீர் அழுத்தப் பொறியொன்றை உருவாக்கியது. 1984இல் இல்லத்தார் தாமே எடுத்துச் செல்லத்தக்க சிறு பொறியை வெளியிட்டது. இன்று பல நிறுவனத்தாரின் பொறிகள் இங்குக் கிடைக்கின்றன. அவற்றின் சிறப்பு யாதெனின், கை படாமலே மணலை அகற்றுவதுதான். நம் மேல்தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழ்க்குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தமே கிடைக்கும். வீட்டுப் பொறிகளோ 100 பார் அளவிற்கு அழுத்தம் தரவல்லவை. தண்ணீரும் நிமிடத்திற்கு 6 லிட்டர் அளவே செல்லும். பத்து நிமிடத்திற்கு 60 லிட்டர். குழாயினும் பாதிக்கும் குறைவு.

ஆயினும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடும் அழுத்த எண்ணைக் கண்டு மயங்கலாகாது. காருக்கு வேண்டுவது பேரழுத்தமன்று; அகன்று விரியும் நீர்ப்பாய்ச்சலே. கூர்முனையாகப் பாயும் பூச்சியப் பாகை முனையைக் காரின்மேற் பயன்படுத்தவே கூடாது. 40 பாகை விரிவுடைய முனையே ஏற்றது. எந்த முனையாயினும் வண்டியினின்று ஓரடி தொலைவுக்குக் குறையாமல் பிடித்தல் வேண்டும். டயரின் பக்கச்சுவரில் மிக அருகிற் பாய்ச்சினால் டயர் கெடும். வர்ணம் சிறிது பெயர்ந்த இடத்திற் பாய்ச்சினால் அப்பெயர்வு விரியும். எஞ்சின் பகுதியில் இக்காலத்தில் மின்னணுச் சாதனங்கள் மிகுதி. அங்கு நீர் பாய்ச்சுதல் வேண்டா. மின்சாரக் காராயின், மின்னேற்றம் நடைபெறும்போது கழுவுதல் தகாது.

வாங்குவோர் நான்கு செய்திகளைக் கேட்டறிக. முதலாவது, பொறி எத்தனை வாட் மின்சாரம் கொள்ளும்; ஆயிரத்து ஐந்நூறு வாட் அளவுள்ளதற்குச் சிறிய பிளக்கு போதாது, 16 ஆம்பியர் பிளக்கும் முறையான நிலமிணைப்பும் வேண்டும். இரண்டாவது, அவ்விணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு உள்ளதா என்பது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்க்கு இஃது உயிர்க்காப்பு. இதில் சிக்கனம் பாராட்டுதல் கூடாது. மூன்றாவது, பொறி வாளியிலிருந்து தானே நீரை உறிஞ்ச வல்லதா என்பது. தில்லியில் காலையும் மாலையும் சில மணி நேரமே குழாய் நீர் வருவதால், இத்திறன் இல்லாத பொறியாற் பயனில்லை. நான்காவது, பழுது நீக்கும் நிலையமும் மாற்று உறுப்புகளும் நகரில் உண்டா என்பது. இந்நான்கும் பொருந்தி, தனி வாயிலும் மின்னிணைப்பும் உடையவர் தாராளமாக வாங்கலாம். ஏனையோர்க்கு அது வீண் செலவே.

ஏனையோர்க்கு உரியது கைத்தெளிப்பான். தோட்டத்தில் மருந்து தெளிக்கப் பயன்படுவது. கையால் காற்றடைத்து, விசையை அழுத்தினால் நீர் விசிறியாகப் பரவும். ஐந்து லிட்டர் கொள்ளளவு போதும். மின்சாரம் வேண்டா, குழாய் வேண்டா, படிக்கட்டில் ஒரு கையால் தூக்கி வரலாம். பூச்சிமருந்து கலந்த பழைய தெளிப்பானை மட்டும் இதற்குக் கொள்ளற்க, புதியதே வாங்குக. முதலில் ஷாம்பூ சிறிது கலந்த நீரை வண்டி முழுதும் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டால், ஒட்டிய புழுதி இளகி நழுவும். ஆனால் அதனை உலரவிடுதல் ஆகாது. தெளிப்பானுக்கு 10 லிட்டர், இரண்டு வாளிக்கு 20 லிட்டர், சக்கரங்களுக்கு 5 லிட்டர். ஆக 35 லிட்டரில் வண்டி தூய்மையாகிவிடும். வாரம் ஒருமுறை கழுவுவோர் குழாயைக் கைவிட்டு இம்முறையை மேற்கொண்டால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,000 லிட்டர் மிச்சம். அலச வேண்டாத வகைக் கழுவு திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் ஒரு வாளி நீரே போதும். எனினும் புழுதிப் புயலுக்கு அடுத்த நாள், மணல் தடித்துப் படிந்திருக்கும்போது, முதலில் நீர் தெளித்து மணலை இறக்கிய பின்னரே அவற்றைப் பயன்படுத்துதல் நலம்.

அடுத்து, வண்டியைத் தொடும் பொருள். மஞ்சள் துணி, பழைய பனியன், கிழிந்த வேட்டித் துண்டு ஆகியவை நம் வீடுகளில் வழிவழியாகப் பயன்பட்டு வந்தன. அவற்றின் குறை யாதெனில், தட்டையான நெசவில் மணல் புகுவதற்கு இடமில்லை. ஆகவே அது துணிக்கும் வர்ணத்திற்கும் இடையே உருண்டு கீறுகின்றது. தட்டையான ஸ்பஞ்சும் அவ்வாறே. மைக்ரோபைபர் என்னும் நுண்ணிழைத் துணியோ இதற்கு மாறானது. ஒன்பதாயிரம் மீட்டர் நீளம் எடுத்தாலும் ஒரு கிராம் எடைகூட இல்லாத அளவிற்கு மெல்லிய இழைகளால் ஆனது அது. பாலியெஸ்டரும் பாலியமைடும் பெரும்பாலும் எண்பதுக்கு இருபது என்ற விகிதத்திற் கலந்திருக்கும். 1970இல் ஜப்பானியத் தோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோதோ என்னும் அறிஞர் இத்தகைய நுண்ணிழையைக் கொண்டு செயற்கை மெதுதோலை உருவாக்கினார். அதன் வழிவந்தவையே நம் துடைப்புத் துணிகள். இழைகளின் இடையே மணல் ஒதுங்கிக் கொள்வதால் வர்ணம் தப்புகின்றது.

கழுவுவதற்கு நுண்ணிழையால் ஆன, நீண்ட மயிரிழை தொங்கும் கையுறை ஒன்று. துவட்டுவதற்குப் பெரிய தடித்த துணி ஒன்று. கண்ணாடிக்கும் உட்புறத்திற்கும் மெல்லிய துணி இரண்டு. இவையே போதுமானவை. துணியின் மேலுறையில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என எழுதியிருக்கும். துடைக்க 300 அல்லது 400, துவட்ட 600க்கு மேல் எனக் கொள்க. ஓரத்திற் கடினமான தையலோ, குத்தும் சீட்டோ இருப்பின் வெட்டிவிடுக. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் வைத்துக் கொண்டால், சக்கரம் துடைத்த துணி தவறியும் வர்ணத்திற்கு வாராது. இத்துணிகளைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தலாகாது. பஞ்சு ஒட்டிக் கொள்ளும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் ஆகாது; அது இழைகளை அடைத்து, நீர் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். தரையில் விழுந்த துணியை, எவ்வளவு தூய்மையாகத் தோன்றினும், மீண்டும் வண்டியில் வைக்கற்க.

உலர்ந்த வண்டியின்மேல் தூசு தட்டும் இறகுத் துடைப்பத்தைத் தில்லியில் பயன்படுத்தவே வேண்டா என்பது எம் கருத்து. வீட்டு மேசைக்கு அது நன்று. ராஜஸ்தானத்து மணலுக்கு அன்று.

சக்கரங்களுக்குத் தனியாக ஒரு தூரிகையும் தனி வாளியும் வேண்டும். பிரேக்கின் தேய்மானத்தால் இரும்புத் துகள்கள் சக்கரத்திற் படிகின்றன. அத்தூரிகை வண்டியின் மேனியைத் தொடலாகாது. சவர்க்காரத்தைப் பொறுத்தமட்டில், துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென்று ஆனவை; வண்டியின் மெழுகுக் காப்பையும் அவை நீக்கிவிடும். கார நிலையும் அமில நிலையும் அற்ற நடுநிலையான கார் ஷாம்பூவே ஏற்றது. நுரை மிகுதியாக வருவதே சிறப்பு என எண்ணற்க. நம் தெருவில் ஓடும் கழுநீர் வடிகால்களின் வழியே யமுனையைத்தான் சென்றடைகின்றது. காளிந்தி குஞ்ச் அருகே யமுனையில் வெண்பனி போல் மிதக்கும் நுரையை நீங்கள் கண்டிருப்பீர்கள். சவர்க்காரப் பொருள்களும் பாஸ்பேட்டும் அதற்குக் காரணங்களாகும். 2021 ஜூனில் தில்லி அரசு, இந்தியத் தர அமைவனத்தின் அளவுகளுக்கு உட்படாத சலவைப் பொருள்களின் விற்பனையைத் தடை செய்தது இதன் பொருட்டே. புட்டியில் எழுதிய அளவிற்கு மேல் ஒரு சொட்டும் விடாதிருத்தல் நம் கடமை.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் கருதத்தக்கது. தில்லியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த அந்நீர் வெயிலில் உலர்ந்தால், வட்ட வட்டமாக வெண்கறை படியும். நாட்பட்டால் அதனை நீக்குவது அரிது. எனவே காலையிலோ மாலையிலோ, நிழலில், வண்டியின் மேல்தகடு குளிர்ந்த பின்னரே கழுவுதல் வேண்டும். கழுவியதும் காத்திராது துவட்டுதல் வேண்டும். சவ்வூடு பரவல் முறையில் குடிநீர் சுத்திகரிக்கும் சாதனம் வெளியேற்றும் நீரை வீணாக்காமல் சேமிக்கும் தாய்மார்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அந்நீரில் உப்பு மிகுதி; அதனைச் சக்கரங்களுக்கும் முதல் நனைப்புக்கும் வைத்துக் கொள்க, கடைசி அலசலுக்கு ஆகாது. கடைசி அலசலுக்கு ஏற்ற நீர் நம் வீட்டிலேயே சொட்டிக் கொண்டிருக்கின்றது. குளிர்சாதனப் பொறியின் குழாயில் வடியும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. அதில் உப்புகள் மிகமிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்களின் புழுக்கத்தில் ஒரு நாளில் சில லிட்டர் கிடைக்கும். ஒரு வாளியை வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டிக் கொண்டால், கறை படாத அலசு நீர் செலவின்றிக் கிட்டும்.

கழுவும் முறையையும் சுருங்கச் சொல்வோம். முதலில் சக்கரங்கள்; பின்னர் வண்டி முழுதும் தெளித்து ஊறவைத்தல்; அதன்பின் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவுதல்; மண் மிகுதியாகப் படியும் கதவின் அடிப்பகுதி கடைசியில்; பின்னர் அலசல்; இறுதியில் துவட்டல். கையுறையை அழுத்தாமல், நேர்கோட்டில் இழுத்தல் வேண்டும். வட்டமாகச் சுழற்றல் ஆகாது. புறாவின் எச்சம் கண்ணிற்பட்டால் வாரக் கழுவலுக்குக் காத்திராமல், நனைத்த துணியை அதன்மேற் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறிய பின் தூக்கி எடுத்துவிடுக, சுரண்டற்க.

இனி, நாம் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானதைச் சொல்லி முடிப்போம். நம்முள் பலர் காரைத் தாமே கழுவுவதில்லை. விடியற்காலையில், நாம் கண்விழிக்குமுன், ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போகின்றார். ஒரு வாளி நீர், ஒரு துணி, வரிசையாக நிற்கும் பத்துப் பதினைந்து வண்டிகள். கடைசி வண்டிக்கு வரும்போது அவ்வாளியில் இருப்பது தண்ணீரா சேறா என்று சொல்ல முடியாது. கீறல்களைக் கண்டு அவர்மேற் சினம் கொள்வோர் உளர். சிறிது சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். அவருக்கு இரண்டாவது வாளியை நாம் கொடுத்தோமா? நல்ல துணி ஒன்று கொடுத்தோமா? நாள்தோறும் துடைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது யார்? ஜனவரித் திங்களின் மூடுபனியில், ஐந்து பாகைக் குளிரில், பனிநீரோடு கலந்த புழுதியை வெறுங்கையால் துடைப்பவரின் விரல்களை என்றேனும் உற்று நோக்கினோமா?

நம் வண்டிக்கு நாள்தோறும் துடைப்பு வேண்டுவதில்லை. வாரம் ஒருமுறை முறையான கழுவலே போதும். ஆகவே அவருடைய மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், நாட்களைக் குறைப்போம். ஒவ்வொரு குடியிருப்பிலும் நான்கைந்து குடும்பத்தார் ஒன்று சேர்ந்தால், ஒரு தெளிப்பான், இரண்டு வாளிகள், ஒரு கையுறை, சில துணிகள், ஒரு ஜோடி ரப்பர் உறை ஆகியவற்றை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம். கொடுத்து, முறையையும் அன்போடு ஒருமுறை செய்து காட்டினால், அவர் நம்மினும் திறம்படச் செய்வார்; அத்தொழிலில் அவருடைய கை பழகிய கை. வண்டி கீறலினின்று தப்பும், தண்ணீர் மிஞ்சும், அவருடைய கைகளும் காக்கப்படும்.

பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள் நாம். இந்நகரம் நமக்குச் சோறும் தண்ணீரும் தந்தது. கார் துடைக்க வரும் அவரும் நம்மைப் போலவே வேறோர் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரே. தண்ணீர் லாரியின் பின்னே ஓடுவோருள் அவருடைய வீட்டாரும் இருக்கக்கூடும். ஆதலின், அடுத்த வாரம் கார் கழுவுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழாயின்கீழ் வாளியை வைத்து அளந்து பார்க்குமாறும், அடுத்த கூட்டத்திற்கு வரும்போது எத்தனை லிட்டரில் கழுவி முடித்தோம் என்ற கணக்கோடு வருமாறும் கேட்டுக் கொள்கின்றோம்.